ஸ்லாவியர்கள் எங்கிருந்து வந்தார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்யர், உக்ரைனியர், போலந்துக்காரர், செக், செர்பியர், பல்கேரியர் எல்லோருடைய மொழிகளும் ஏன் இவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே உற்சாகம் வந்துவிடும். ஏனென்றால், எழுத்தும் பேரரசும் இல்லாத குடியானவர்கள் இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவில் பாதியை நிரப்பிய கதை அது. இந்த விஷயத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஸ்லாவியர்கள் ஒரே இனமா?

ஒரே மொழிக்குடும்பம் என்று சொல்வதே சரி. இன்று ஸ்லாவிய மொழிகளைத் தாய்மொழியாகப் பேசுபவர்கள் 30 கோடிக்கு மேல். ரஷ்யன், உக்ரைனியன், பெலாருசியன் கிழக்குக் கிளை. போலிஷ், செக், ஸ்லோவாக் மேற்குக் கிளை. செர்பியன், குரோவேஷியன், ஸ்லோவேனியன், பல்கேரியன், மாசிடோனியன் தெற்குக் கிளை. மதத்தில் ஆர்த்தடாக்ஸும் உண்டு, கத்தோலிக்கமும் உண்டு, போஸ்னியாவில் இஸ்லாமும் உண்டு. இவர்களைச் சேர்த்துக் கட்டுவது மொழி ஒன்றுதான்.

வரலாற்றில் முதலில் எப்போது தலைகாட்டுகிறார்கள்?

சந்தேகமில்லாமல் சொல்வதென்றால் 6-ஆம் நூற்றாண்டில். பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் டான்யூப் ஆற்றின் அக்கரையிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் இறங்கிவந்து பைசாந்தியப் பேரரசின் (அதாவது கிழக்கு ரோமானியப் பேரரசின்) ஊர்களைச் சூறையாடத் தொடங்கினார்கள். அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் அவர்களை ஸ்க்லாவேனி, ஆன்டெஸ் என்று இரண்டு கூட்டமாகக் குறிப்பிடுகிறார். இரண்டு கூட்டத்துக்கும் மொழி ஒன்றே என்கிறார். தனி ஒருவனின் ஆட்சிக்குக் கீழ் இல்லாமல் நல்லது கெட்டதை எல்லோரும் கூடிப் பேசுவார்களாம். தள்ளித் தள்ளி இருக்கும் எளிய குடிசைகளில் வாழ்ந்து அடிக்கடி இடம் மாறுவார்களாம். மின்னலைப் படைத்தவனே கடவுள். அவனுக்கு மாடு பலி கொடுப்பார்கள். நோய் வந்தால் நேர்ந்துகொண்டு, பிழைத்ததும் அந்தப் பலியைச் செலுத்திவிடுவார்கள். நாம் நேர்த்திக்கடன் என்கிறோமே, அதேதான்.

551-ஐ ஒட்டி எழுதிய யோர்டானெஸ், விஸ்துலா ஆற்றின் தலைப்பகுதியிலிருந்து வெகுதூரம் பரவியிருக்கும் பெரிய மக்கள் கூட்டம் என்கிறார். கோட்டை கொத்தளத்துக்குப் பதிலாக இவர்களுக்குச் சதுப்பும் காடும்தான் என்பது அவர் சொல்லும் இன்னொரு சேதி.

இதற்கு முன்பே, கி.பி. 98 வாக்கில், ரோமானியரான டாசிட்டஸ் ஜெர்மானியர்களுக்குக் கிழக்கே வெனெதி என்ற மக்களைக் குறிப்பிடுகிறார். யோர்டானெஸும் ஸ்லாவியர்களுக்கு அந்தப் பழைய பெயரைப் பயன்படுத்துவதால் பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பெயர் மட்டும் ஒரு கூட்டத்திடமிருந்து இன்னொரு கூட்டத்துக்கு மாறுவது உலகமெங்கும் நடப்பதுதான். டாசிட்டஸின் வெனெதிகள் என்ன மொழி பேசினார்கள் என்பதற்கு ஒரு வாக்கியம்கூட எஞ்சவில்லை.

‘ஸ்லாவ்’ என்ற பெயருக்கு ‘அடிமை’ என்று பொருளா?

இல்லை. பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. இவர்கள் தங்களை ‘ஸ்லொவேனே’ என்று அழைத்துக்கொண்டார்கள். ‘ஸ்லோவோ’ என்றால் சொல். அதனால் ‘சொல் உள்ளவர்கள், நம் பேச்சு புரிகிறவர்கள்’ என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அதற்குத் துணை நிற்பது இன்னொரு சொல்: பக்கத்தில் இருந்த ஜெர்மானியர்களுக்கு இவர்கள் வைத்த பெயர் ‘நெமெத்ஸ்’, அதாவது ஊமை. பேசத் தெரிந்தவர்கள் நாம், பேச்சு புரியாதவர்கள் அவர்கள். இன்றைக்கும் ரஷ்ய மொழியில் ஜெர்மானியருக்கு இதுதான் பெயர்.

பிற்காலத்தில் ஸ்லாவியர்களை ஆயிரக்கணக்கில் பிடித்து விற்றார்கள். அந்தச் சந்தைகளின் வழியாக அவர்களுடைய இனப்பெயரே கிரேக்கத்திலும் லத்தீனிலும், அப்புறம் மேற்கு ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் அடிமைக்கான சொல்லாக ஆகிவிட்டது. ஆங்கிலத்தின் ‘ஸ்லேவ்’ அப்படி வந்ததுதான். ஒரு மக்களின் பெயருக்கு நேர்ந்த இந்தக் கொடுமையை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மனசு வலிக்கிறது.

அவர்களுடைய தாயகம் எது?

இன்றைய வடக்கு உக்ரைன், தெற்கு பெலாருஸ் பகுதி; நீப்பர் ஆற்றின் நடுப்பகுதிக்கும் அதன் மேற்கே உள்ள பிரிப்யத் சதுப்புநிலத்துக்கும் சுற்றுவட்டாரம். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கைகாட்டும் இடம் இது. போலந்தின் விஸ்துலா கரைதான் என்று வாதிட்டவர்களும், டான்யூப்தான் என்றவர்களும் உண்டு. கீவ் நகரத்தில் 12-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஆண்டுக்குறிப்பு நூலே டான்யூபைத்தான் பூர்விகம் என்கிறது.

எழுத்தே இல்லாத மக்களின் ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் சாட்சி சொற்கள். சதுப்பு, ஏரி, காடு, பிர்ச், ஓக், வில்லோ ஆகியவற்றுக்கெல்லாம் இவர்களிடம் சொந்தச் சொற்கள் தாராளமாக இருக்கின்றன. ஆனால் பீச் மரத்துக்கான ‘புக்’ ஜெர்மானிய மொழியிலிருந்து கடன் வாங்கியது. பீச் மரம் பால்டிக் கரையிலிருந்து கருங்கடல் பக்கம்வரை இழுத்த ஒரு கோட்டுக்கு மேற்கேதான் செழிக்கும். அப்படியானால் இவர்கள் அந்தக் கோட்டுக்குக் கிழக்கே இருந்திருக்க வேண்டும். பால்டிக் கடற்கரையில் கிடைக்கும், கல்லாக இறுகிய மரப்பிசினான அம்பருக்கும் சொந்தச் சொல் இல்லை. ரஷ்யனின் ‘யந்தார்’ லித்துவேனியர்களிடமிருந்து வந்தது. கடலோரத்தில் வாழ்ந்திருந்தால் அம்பருக்குப் பெயர் வைக்காமலா இருந்திருப்பார்கள்? மர எல்லைகள் காலப்போக்கில் நகரும், சொற்களின் பொருளும் நகரும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் நல்ல துப்பு.

கடன் வாங்கிய சொற்கள் அக்கம்பக்கத்தையும் காட்டிக்கொடுக்கின்றன. ரொட்டிக்கான ‘ஹ்லெப்’, தலைவனுக்கான ‘க்னியாஸ்’ இரண்டும் ஜெர்மானிய மூலம் கொண்டவை. தெற்கே புல்வெளியில் ஈரானிய மொழி பேசிய குதிரைக்காரர்கள் இருந்தார்கள். டான், நீப்பர், நீஸ்டர் என்ற ஆற்றுப் பெயர்களில் ஒளிந்திருப்பது ஆறு என்று பொருள்படும் அவர்களுடைய ‘தானு’.

மண்ணுக்கடியில் என்ன கிடைத்திருக்கிறது?

தங்கமோ வாளோ அதிகம் இல்லை. கிடைப்பது ஒரு சட்டி, ஒரு குழி, ஒரு அடுப்பு.

ஒரு வீட்டைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ஏறக்குறைய நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் சதுரம். தரையை அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர்வரை தோண்டி இறக்கியிருக்கிறார்கள். பாதி வீடு மண்ணுக்குள், மீதி மரமும் கூரையும். பனிக்காலத்தில் மண்ணே கம்பளி. ஒரு மூலையில் கற்களை அடுக்கிக் கட்டிய அடுப்பு. அதன் பக்கத்தில் சக்கரம் தொடாமல் கையாலேயே வனைந்த, கோலமோ வர்ணமோ இல்லாத உயரமான பானை. இறந்தவரை எரித்துச் சாம்பலைப் புதைத்ததும் இதே மாதிரிப் பானையில்தான். பிராகு நகரத்தருகே முதலில் அடையாளம் கண்டதால் இதற்குப் பிராகு பண்பாடு என்று பெயர். 5, 6-ஆம் நூற்றாண்டுகளில் உக்ரைனிலிருந்து செக் நாடுவரை கிட்டத்தட்ட ஒரே வீடு, ஒரே பானை.

சாப்பாடு? பைசாந்தியப் போர்க்கையேடு ஒன்று இவர்கள் சிறுதானியம் நிறைய விளைவிக்கிறார்கள் என்று குறித்து வைத்திருக்கிறது. அது ‘ப்ரோசோ’, நம் ஊரில் பனிவரகு என்கிறோமே, அந்தத் தானியம். விதைத்து இரண்டு மூன்று மாதத்தில் அறுக்கலாம். அடிக்கடி இடம் மாறுகிற குடும்பத்துக்கு இதைவிடத் தோதான பயிர் கிடையாது.

எப்படி இவ்வளவு வேகமாகப் பரவினார்கள்?

முதல் காரணம், இடம் காலியானது. 375 வாக்கில் ஹூணர்கள் கிழக்கிலிருந்து பாய்ந்ததும் கோத்துகள் தொடங்கி ஜெர்மானியக் கூட்டங்கள் மேற்கேயும் தெற்கேயும் நகர ஆரம்பித்தன. 453-இல் ஹூணர்களின் அரசன் அட்டிலா இறந்தான், அவர்களுடைய அரசும் சிதறியது. 568-இல் லோம்பார்டுகள் என்ற ஜெர்மானியக் கூட்டத்தார் ஹங்கேரிச் சமவெளியை விட்டு இத்தாலிக்குப் போய்விட்டார்கள். ஜெர்மனியின் எல்பா ஆற்றிலிருந்து விஸ்துலாவரை ஆளில்லாத நிலம் ஏராளம். ஸ்லாவியர்கள் அதில் மெல்ல மெல்ல நுழைந்தார்கள். அங்கே பெரிய போர் எதுவும் பதிவாகவில்லை.

இரண்டாவது காரணம், தெற்கே பேரரசு தளர்ந்திருந்தது. 536-லும் 540-லும் பெரிய எரிமலை வெடிப்புகளால் குளிரும் விளைச்சல் நட்டமும் வந்தன. 541-இல் கொள்ளைநோய் புகுந்தது. ஜஸ்டினியன் இத்தாலியிலும் பாரசீக எல்லையிலும் படைகளைக் கட்டிப்போட்டிருந்தார். டான்யூப் எல்லையில் இருந்தவை கோட்டைகள். அவற்றைக் காக்க ஆள் போதவில்லை. 602-இல் அக்கரையிலேயே குளிர்காலத்தைக் கழிக்கச் சொன்னதால் டான்யூப் படையே கலகம் செய்து, தலைநகரமான கான்ஸ்டான்டிநோபிளுக்குத் திரும்பிப் பேரரசர் மவுரிக்கியைக் கொன்றது. அதற்கப்புறம் எல்லை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

மூன்றாவது காரணத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். இவர்களோடு சேர்வது சுலபம். 600-ஐ ஒட்டிய அந்தப் போர்க்கையேடு சொல்கிறது: மற்றவர்களைப் போல இவர்கள் போர்க்கைதிகளை ஆயுள் முழுக்க அடிமையாக வைப்பதில்லை. ஒரு காலக்கெடு முடிந்ததும் மீட்புப் பணம் கொடுத்து ஊருக்குத் திரும்பலாம், அல்லது சுதந்திர மனிதனாக, நண்பனாக அங்கேயே தங்கிவிடலாம். எழுதியவர் எதிரி நாட்டு ராணுவக்காரர். புகழ வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. கடுமையான வரியும் நிலச்சுவான்தாரும் இல்லாத ஒரு கூட்டத்தில், பிடிபட்ட ரோமானியக் குடியானவன் ஒருவன் ஏன் தங்கிவிட்டிருக்க மாட்டான்?

அப்போது அவர்கள் அமைதியானவர்களா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. பால்கனில் அவர்கள் பிடித்த ஊர்களில் நடந்த கொலைகளைப் புரோகோப்பியஸ் விவரிக்கிற பக்கங்கள் படிக்கவே கஷ்டமாக இருக்கும். காட்டிலும் ஆற்றிலும் பதுங்கித் தாக்குவதில் தேர்ந்தவர்கள். துரத்தினால் நாணல் தண்டை வாயில் வைத்து மூச்சுவிட்டுக்கொண்டு தண்ணீருக்கடியில் மணிக்கணக்கில் படுத்திருப்பார்கள் என்கிறது போர்க்கையேடு.

ஆனால் இன்னொரு காட்சியும் உண்டு. 590-களில் பேரரசர் மவுரிக்கியின் வீரர்கள் பால்கனின் தென்கிழக்கில் உள்ள திரேஸில் மூன்று ஸ்லாவியர்களைப் பிடித்தார்கள். கையில் ஆயுதமே இல்லை, யாழ் மட்டும்தான். விசாரித்தபோது, மேற்குக் கடலின் ஓரத்திலிருந்து வருகிறோம், வந்துசேரப் பதினைந்து மாதம் ஆனது, எங்கள் நாட்டில் இரும்பு கிடையாது, அதனால் யாழ் மீட்டுகிறோம் என்றார்களாம். தியோஃபிலாக்ட் என்ற வரலாற்றாசிரியர் இதை எழுதிவைத்திருக்கிறார். இரும்பு இல்லை என்பது நிச்சயமாக உண்மையில்லை, ஒற்றர்களாகக்கூட இருந்திருக்கலாம். என்றாலும் பதினைந்து மாதம் யாழைத் தூக்கிக்கொண்டு நடந்த அந்த மூன்று பேரை என்னால் மறக்க முடிவதில்லை.

அவார்களின் அடிமைகளாகத்தான் பரவினார்களா?

பாதி உண்மை. அவார்கள் ஆசியப் புல்வெளியிலிருந்து வந்த குதிரைப்படையினர். 568-க்குப் பிறகு ஹங்கேரிச் சமவெளியில் உட்கார்ந்து சுற்றியிருந்த ஸ்லாவியர்களைத் தங்கள் போர்களுக்கு ஓட்டிப்போனார்கள். 626-இல் கான்ஸ்டான்டிநோபிள் முற்றுகையில் ஒற்றை மரத்தைக் குடைந்த படகுகளில் வந்து மடிந்தவர்கள் ஸ்லாவியர்கள்தான். மிதந்த பிணங்களில் பெண்களும் இருந்ததாக எழுதியிருக்கிறார்கள்.

அடங்காதவர்களும் இருந்தார்கள். கப்பம் கேட்டு அவார் தூதர்கள் வந்தபோது தௌரென்டியஸ் என்ற ஸ்லாவியத் தலைவன், போரும் வாளும் இருக்கும்வரை அடுத்தவன் நிலத்தை நாங்கள் ஆள்வோமே தவிர எங்கள் நிலத்தை எவனும் ஆள முடியாது என்ற கருத்தில் பதில் சொன்னானாம். வாய்ச்சண்டை முற்றித் தூதர்கள் கொல்லப்பட்டார்கள். மேற்கே 623 வாக்கில் சாமோ என்ற ஃபிராங்கிய (இன்றைய பிரான்ஸ் பக்கத்து) வணிகரே ஸ்லாவியர்களோடு சேர்ந்து அவார்களை எதிர்த்து, அவர்களுடைய அரசராகி 35 ஆண்டு ஆண்டார். 631-ஐ ஒட்டி ஃபிராங்கிய மன்னர் டாகோபெர்ட்டின் படையையும் தோற்கடித்தார். அவர் இறந்ததும் அந்த அரசு கலைந்துவிட்டது.

கிரேக்கத்திலும் ஜெர்மனியிலும்கூட இருந்தார்களா?

இருந்தார்கள். 615-ஐ ஒட்டி தெசலோனிக்கா நகரத்தை முற்றுகையிட்ட ஸ்லாவியர்கள், நகரம் விழுந்ததும் உள்ளேயே குடியேறும் எண்ணத்தில் பெண்டு பிள்ளைகளையும் சாமான்களையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். நகரம் விழவில்லை. அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். 670-களில் இன்னொரு முற்றுகையில் நகரம் பட்டினி கிடந்தபோது, அதற்குத் தானியம் விற்றவர்கள் பெலெகெசிட்டுகள், அதாவது முன்பு முற்றுகையிட்ட ஸ்லாவியர்களில் ஒரு கூட்டம். அறுபதே ஆண்டில் கொள்ளைக்காரர் பக்கத்து ஊர் விவசாயி ஆகிவிட்டார். கிரேக்கத்தின் தென்கோடியில் தாய்கெடோஸ் மலையில் 15-ஆம் நூற்றாண்டுவரை ஸ்லாவியப் பேச்சு இருந்தது.

ஜெர்மனியில் எல்பா ஆறுவரையும் அதைத் தாண்டியும் ஊர்ப்பெயர்களே சாட்சி. கெம்னிட்ஸ் என்பது கல் நிறைந்த ஓடை. டிரெஸ்டன் என்பது சதுப்புக்காட்டுவாசிகளின் ஊர். பெர்லினும் சதுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ரூகன் தீவின் ஆர்கோனாவில் நான்கு தலை கொண்ட ஸ்வான்டெவிட் கடவுளின் கோயில் 1168-இல் டேனியர்கள் இடிக்கும்வரை நின்றது. பவுட்சன் பக்கம் போனால் இன்றும் தெருப்பலகைகளில் ஜெர்மனுக்குக் கீழே சோர்பிய மொழியைப் பார்க்கலாம். மிஞ்சிய கடைசித் துண்டு அது.

மக்கள் நகர்ந்தார்களா, மொழி மட்டும் பரவியதா?

இதில் ரொம்ப காலம் சண்டை. டான்யூப் எல்லையில் பலதரப்பட்ட மக்கள் பேரரசின் அழுத்தத்தில்தான் ‘ஸ்லாவியர்’ ஆனார்கள், பெரிய இடப்பெயர்ச்சி எதுவும் இல்லை என்று புளோரின் குர்தா போன்ற வரலாற்றாளர்கள் வாதிட்டார்கள். எரிக்கும் வழக்கத்தால் எலும்பும் இல்லை. மரபணுவை வைத்துச் சோதிக்கவும் வழியில்லாமல் இருந்தது. பிறகு புதைக்கும் வழக்கம் வந்த காலத்து எலும்புகளிலிருந்து பதில் கிடைத்தது. 2025-இல் வெளியான ஆய்வு 555 பழங்கால மனிதர்களின் மரபணுக்களைப் பார்த்தது. கிழக்கு ஜெர்மனி, போலந்து, குரோவேஷியா ஆகிய இடங்களில் பழைய மரபில் 80 சதவீதத்துக்கு மேல் மாறி, கிழக்கிலிருந்து வந்த மரபு அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. ஆண்களோடு பெண்களும் குழந்தைகளுமாகக் குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறார்கள். பால்கன் பகுதியை மொத்தமாகப் பார்த்தால் கலப்பு அதிகம். 2023-இல் வந்த இன்னொரு ஆய்வுப்படி அங்கே இன்றுள்ளவர்களில் ஸ்லாவியப் பங்கு பெரும்பாலும் 30 முதல் 60 சதவீதம். அடையாளம் எல்லையில் உருவானது என்ற குர்தாவின் கருத்தை நான் முழுசாகத் தள்ளமாட்டேன். ஆனால் மக்கள் நகரவில்லை என்ற பகுதி இனி நிற்காது.

ரஷ்ய மொழிக்கும் சமஸ்கிருதத்துக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. இரண்டும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். நெருப்பு ரஷ்யனில் ‘அகோன்’, சமஸ்கிருதத்தில் ‘அக்னி’. தேன் ‘ம்யோத்’, இங்கே ‘மது’. கடவுள் ‘போக்’, இங்கே ‘பக’. நாம் பகவான் என்று சொல்வதில் இருப்பது அதுதான். இதை வைத்து ஸ்லாவியர்கள் இந்தியாவிலிருந்து போனார்கள் என்று இணையத்தில் எழுதுவது தவறு. ஒரே பாட்டியின் பேத்திகள், அவ்வளவுதான்.

எழுத்து எப்போது வந்தது?

2017-இல் செக் நாட்டில் ப்ரெட்ஸ்லாவ் அருகே லானி என்ற இடத்தில் ஸ்லாவியக் குடியிருப்பு ஒன்றைத் தோண்டியபோது ஒரு மாட்டு விலா எலும்பு கிடைத்தது. வயது 600-ஐ ஒட்டி. அதில் கீறியிருந்தது ஜெர்மானியர்களின் ரூன் எழுத்துவரிசையின் கடைசிப் பகுதி. அதை எழுதிப் பழகியது யார், சொல்லிக்கொடுத்தது யார்? நம் பிள்ளைகள் சிலேட்டில் எழுதியதுபோல மாட்டெலும்பில் ஒரு கை.

சொந்த எழுத்து 863-இல் வந்தது. இன்றைய செக் நாட்டின் கிழக்கே இருந்த மொராவியாவின் அரசர் ராஸ்திஸ்லாவ் கேட்டதால் சிரில், மெத்தோடியஸ் என்ற சகோதரர்களைப் பைசாந்தியப் பேரரசர் மூன்றாம் மிக்கேல் அனுப்பினார். அவர்கள் தெசலோனிக்காக்காரர்கள்; தெசலோனிக்காக்காரர்கள் எல்லோரும் ஸ்லாவியம் சுத்தமாகப் பேசுகிறீர்களே என்று பேரரசர் சொன்னதாக மெத்தோடியஸின் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. முற்றுகையிட்டவர்களின் மொழி முற்றுகைக்குள்ளான நகரத்தின் தெருப்பேச்சாகியிருந்தது! சிரில் உருவாக்கியது கிளகோலிட்டிக் எழுத்து. அவர் பெயரால் வழங்கும் இன்றைய சிரிலிக் பிற்பாடு பல்கேரியாவில் உருவானது.

ஒரே மொழி எப்போது பல மொழிகளானது?

தெசலோனிக்கா பேச்சில் மொழிபெயர்த்த வழிபாட்டு நூல்கள் பல நூறு கிலோமீட்டர் வடக்கே மொராவியாவில் புரிந்தன என்றால், 9-ஆம் நூற்றாண்டிலும் அது பெரும்பாலும் ஒரே மொழிதான். 895 வாக்கில் இன்றைய ஹங்கேரியர்களின் முன்னோரான மாகியார்கள் ஹங்கேரிச் சமவெளியில் குடியேறித் தெற்கு ஸ்லாவியர்களையும் மேற்கு ஸ்லாவியர்களையும் இடையில் வெட்டிவிட்டார்கள். ஒலிகளும் பிரிந்தன. மதில் சூழ்ந்த ஊருக்கான ஒரே சொல் ரஷ்யனில் ‘கோரத்’, செர்பியனில் ‘கிராத்’, போலிஷில் ‘குருத்’. நோவ்கோரோத், பெல்கிரேடு என்ற பெயர்களில் இருப்பதும் அதுவே.

இந்தப் பிரிவைக் கணக்கிட எனக்கு மிகவும் பிடித்த சொல் ஒன்று உண்டு. 814-இல் இறந்த ஃபிராங்கியப் பேரரசர் சார்லமேனின் சொந்தப் பெயர் கார்ல். ஸ்லாவியர்கள் அந்தப் பெயரையே அரசன் என்பதற்கான சொல்லாக்கிக்கொண்டார்கள் என்பது பரவலான கருத்து. ரஷ்யனில் ‘கரோல்’, செக்கில் ‘க்ரால்’, போலிஷில் ‘க்ருல்’. கோரத், கிராத், குருத் மாறிய அதே வழியில் இந்தச் சொல்லும் ஒவ்வொரு மொழியிலும் மாறியிருக்கிறது. ஆக, கார்லின் பெயர் காதில் விழுந்த நாளில் அந்த மாற்றம் இன்னும் முடிந்திருக்கவில்லை. எல்பாவிலிருந்து நீப்பர்வரை அதை ஒரே மாதிரிதான் சொல்லியிருப்பார்கள்.